சரக்கு வேண்டாம், சாய் குடி

குவைத்தில் இப்போது குடிக்கிற கலர் வாங்க வருகிறவர் பாட்டிலைத் திருப்பி, லேபிளை முழுதாகப் படித்த பிறகுதான் கூடையில் போடுகிறார். எங்கள் திருவையாறு பக்கம் பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். பாலஸ்தீனத்துக்காகச் சில கம்பெனிகளின் சரக்கை வாங்குவதில்லை என்று ஜனங்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு கலர் கம்பெனியின் வேனில் போய் கடை கடையாக ஆர்டர் எடுக்கும் ஆள் நான். பத்தாவது ஃபெயிலானவனுக்கு உலக அரசியல் இப்படித்தான் வந்து சேரும்.

என் ரூட்டில் அபு ஸமீர் என்ற பாலஸ்தீனக்காரரின் மளிகைக் கடை இருந்தது. அவருடைய அக்கா குடும்பம் காஸாவில். அவர் எங்கள் சரக்கை நிறுத்திய நாளிலிருந்து நான் அவர் கடைப்படி ஏறவில்லை. வெயிலில் நின்றபடியே ஆர்டர் உண்டா என்று கத்துவேன். "லா", இல்லை என்று கையாட்டிவிட்டு, சாய் டம்ளரை நீட்டுவார். தொடாமல் ஓடிவிடுவேன்.

காரணம் இருக்கிறது. நான் ஆறாவது படிக்கையில் எங்கள் ஊர் மிராசுதார் ஒருவர் நடவுக் கூலியைக் குறைத்தார். எங்கள் குத்தகை வயல் வேலை போக மற்ற நாளில் நடவுக்குப் போகும் என் அம்மாவும் கூடப் போகிற பெண்களும், அவர் வயலில் இறங்குவதில்லை என்று கட்டுப்பாடு போட்டார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிப் போனது. அவர் வீட்டு மோரைக்கூட யாரும் தொடவில்லை. நான் மட்டும் அவர் கொல்லையில் ஒரு கொய்யா தின்றேன். அம்மா விளக்குமாற்றால் பாடம் நடத்தினார். கூலி ஏறிய பிறகுதான் ஊர் அந்த வாசலை மிதித்தது. அதனால் சரக்கு வேண்டாமென்றால் ஆளும் வேண்டாம் என்றே நினைத்திருந்தேன்.

என் அறைக்கூட்டாளி சாதிக் கூத்தாநல்லூர்க்காரன். அபு ஸமீர் கடைக்குப் பக்கத்துத் தையற்கடையில் வேலை. விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாப்ள, அந்த மனுசன் அழாத குறையா கேட்டாருடா, உன் கூட்டாளி என் கையால சாய் குடிக்க மாட்டேங்கிறானே, நான் என்ன தப்பு பண்ணினேன்னு. அவருக்கு கம்பெனிதான் ஆகாது. உன் மூஞ்சியிலயா லேபிள் ஒட்டியிருக்கு?"

மறுநாள் உள்ளே போய் உட்கார்ந்தேன். அரைகுறை அரபியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை எனக்கு வயிற்றுவலி என்று எடுத்துக்கொண்டு, புதினா போட்டு இன்னொரு டம்ளர் தந்தார்.

அந்த வாரமே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், ஆர்டர் வராவிட்டால் ரூட்டை மூடி என்னை ஊருக்கு அனுப்புவதாக. சாதிக் போய் உளறியிருக்க வேண்டும். அபு ஸமீர் அரபியும் இந்தியுமாகச் சொன்னது இதுதான்: "ரெண்டு பெட்டி எழுதிக்கோ. பின்னாடி ரூம்ல கிடக்கட்டும். உன் வேலை போகக் கூடாது."

சரியென்றால் வேலை தங்கும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சரியென்று சொல்ல வரவில்லை.

"வேணாம் பாபா. விக்காத சரக்க வாங்கி எலிக்கா ஊத்தப் போறீங்க?" என்றேன். ஆர்டர் தாளில் என் கையாலேயே 'இல்லை' என்று எழுதினேன்.

ரூட்டை மூடிவிட்டார்கள். விசா முடியும்வரை குடோனில் பெட்டி அடுக்குகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை, அபு ஸமீர் கடையில் இருந்தபோது அம்மா வீடியோவில் வந்தார். தஞ்சாவூரில் சித்தி மகள் கல்யாணப் பந்தி.

"தம்பி, இங்க பாரு, எலைக்கு ஒண்ணு! எம்புள்ள கம்பெனி கலர்தான் வைக்கணும்னு நான்தான்டா சண்டை போட்டு எடுக்க வச்சேன்."

அம்மாவா என்று ஆசையாக எட்டிப் பார்த்தார் அபு ஸமீர். அம்மா பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். நான் போனை அவர் பக்கம் திருப்பினேன், பாட்டில் தெரிந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு.