‘ஹோ’ என்றால் நிற்கும் குதிரைகள்

எங்கள் அப்பா ‘ஹோ’ என்றால் இருபது குதிரைகள் நிற்கும். ஐந்தாம் வகுப்பில் இதைச் சொல்லியே பாதி வருஷத்தை ஓட்டினேன். குதிரைகள் பிளாஸ்டிக் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவேன்.

முன்பு கரும்பு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, அப்போது குருவிநத்தத்திலிருந்து சைக்கிளில் போய், மணப்பட்டுப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் குதிரை ராட்டினம் ஓட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சை அணைத்ததும் ராட்டினத்தோடு கூடவே நாலு எட்டு ஓடுவார். ஒரு குதிரையின் கழுத்தில் வலது தோளைக் கொடுத்து, மாட்டை நிறுத்தும் அதே குரலில் ‘ஹோ’ என்பார். நின்றுவிடும். அவ்வளவு அழகாக ஒரு வேலையைச் செய்தவரை நான் பிறகு பார்த்ததில்லை.

எங்கள் பள்ளி அங்கே சுற்றுலா போவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அப்பா வலது கையைத் துண்டில் தொங்கவிட்டபடி வந்தார். ஓடும்போது கால் வழுக்கி, குதிரை மோதி, தோள்மூட்டு நழுவிவிட்டதாம். பூங்காக்காரர்கள் கட்டுப் போட்டுவிட்டு, வெளியே சொல்ல வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பாவின் கைக்காக அல்ல, நாளைக்குக் குதிரையை யார் நிறுத்துவார்கள் என்று.

“இன்னாத்துக்குய்யா இந்தக் கையோட போற? லீவு போடு” என்றாள் அம்மா.

“பாப்பா கிளாஸே வருதுடி. இன்னொரு தோளு சும்மாதான இருக்குது.”

மறுநாள் யூனிபாரத்துக்குள் கட்டை மறைத்துக்கொண்டு நின்றார். நான் அவருக்கு எதிரே இருந்த குதிரையில் ஏறிக்கொண்டேன். சுற்றி முடிந்ததும் ஓடிவந்து இடது தோளைக் கொடுத்தார். பழக்கமில்லாத தோள், பிடி நழுவியது. அதற்குள் பக்கத்துக் குதிரையிலிருந்த என் தோழி இறங்கக் காலைக் கீழே விட்டுவிட்டாள். அப்பா ஒரு கணம் அவளைப் பார்த்தார். அப்படியே திரும்பி வலது தோளைக் கொடுத்தார். “ஹோ.”

ராட்டினம் நின்றது. வகுப்பே கை தட்டியது. அப்பாவின் முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த ராட்டினத்தின் பிரேக் தேய்ந்து பல மாதமாகியிருந்ததும், அதை மாற்றச் சொல்லி அப்பா கேட்டுக்கொண்டே இருந்ததும், அதுவரை அவர் தோள்தான் பிரேக் என்பதும் ரொம்ப காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் கைதட்டல்தான்.

“இன்னொரு தபா சுத்துப்பா” என்று கத்தினேன்.

அப்பா இடது கையால் சுவிட்சைப் போட்டார்.