பத்தொன்பது பேருக்குப் போடாத கையெழுத்து

லண்டனில் மகன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம். கதவைத் திறக்கவே எனக்குக் கூச்சம். இன்று தபால்காரர் பக்கத்து வீட்டுக்காரியின் பார்சலை நீட்டி, அவளுக்காக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "நோ, நோ" என்று கையைப் பின்னால் ஒளித்தேன். எனக்கு எழுதத் தெரியாதென்று நினைத்தாராக்கும். பாவம், கடதாசியின் ஓரத்தில் பெருக்கல் குறி போலப் புள்ளடி ஒன்று போட்டுக் காட்டி, "சிம்பிள், லவ்" என்று சிரித்தார். இங்கே முன்பின் தெரியாதவர்களையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு எழுதத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் படித்தவள். திருகோணமலைத் துறைமுகத்தடியில் சாக்குத் தைக்கும் கொட்டிலில் நாங்கள் இருபது பெண்கள். மற்றவர்களுக்குப் பெருவிரல் அடையாளம்தான். அந்த மை சோறு தின்னும்போதும் விரலைவிட்டுப் போகாது. அதனால் வரவுப் புத்தகத்தில் எல்லாருக்கும் நானே கையெழுத்து வைப்பேன், ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு மாதிரி. கிண்ணியாவிலிருந்து வரும் கதீஜா பக்கத்தில் நின்று பார்ப்பாள். "அக்கா, என்ட பேருக்கு வால் கொஞ்சம் நீட்டமாப் போடுங்கோ. வடிவாயிருக்கும்."

அந்த நாட்களில்தான் வேலைச் சட்டம் மாறியது. முன்பு "நாளைக்கு வராதே" என்றால் முடிந்தது. புதுச் சட்டப்படி தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் அனுமதிக்க வேண்டும். எனக்கு இது தெரியாது. ஒரு மத்தியானம் மனேஜர் ஆங்கிலக் கடதாசி ஒன்றோடு வந்தார். இருபது பெயர், எதிரே இருபது கோடு. "புதுச் சட்டத்துக்கு ஒரு பதிவு, பிள்ளை. வழக்கம்போல நீயே போட்டுவிடு." பெரியவர்களிடம் ஏனென்று கேட்டு எனக்குப் பழக்கமில்லை. முதல் கோட்டில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது கதீஜா. தன் வாலைப் பார்க்க வந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பொறுங்கோ அக்கா. நாங்க எழுதிக் குடுக்காம இனி எங்களை நிப்பாட்ட ஏலாதாம். காக்கா சொன்னவர்." காக்கா என்பது துறைமுகத்தில் வேலை செய்த அவளுடைய அண்ணன்.

மனேஜர் சிரித்தார். "என்ன பிள்ளை, சட்டம் படிச்சிட்டியோ?"

"படிச்சிருந்தா நானே வாசிச்சிருப்பனே ஐயா. தமிழில வாசிச்சுக் காட்டுங்கோ."

அவர் வாசிக்கவில்லை. "கெதியாப் போடு" என்று என்னிடம் மட்டும் சொன்னார். கொட்டிலில் ஒரு ஊசியும் அசையவில்லை. பேனையை மூடி மேசையில் வைத்தேன்.

தொழில் ஆணையாளரின் கந்தோரில் விசாரணை நடந்தது. நாங்களாகவே வேலையை விட்டு விலகச் சம்மதம் என்று அந்தக் கடதாசியில் இருந்ததாம். பத்தொன்பது பேருக்கு வேலை நிலைத்தது. கந்தோர் ஐயா என் கையெழுத்தைக் காட்டினார். "விரும்பித்தானே போட்டனீங்கள், அம்மா?" நான் பேசாமல் நின்றேன். அதை ஓம் என்று எழுதிக்கொண்டார்.

தபால்காரர் இன்னும் வாசலில். மகன் படியிறங்கி வந்தான். "பார்சல் வாங்கினதுக்குத்தான் அம்மா. போடுங்கோ."

"முழுக்க வாசி."

அவன் பெருமூச்சு விட்டுக் கடைசி வரிவரை வாசித்தான். பக்கத்து வீட்டுக்காரியின் பெயருக்கு எதிரே என் பெயரைத் தமிழில் எழுதினேன். எது மேற்பக்கம் என்று தெரியாமல் தபால்காரர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பார்சலோடு நீலக் கடிதம் ஒன்றையும் தந்தார். கதீஜா இப்போது தானே எழுதுகிறாள். அனுப்பியவர் பெயரில் வால் நீட்டமாய் இருந்தது. யாரோ ஒருத்தியின் பார்சலை இடுப்பில் வைத்தபடி, வாசலிலேயே நின்று கடிதத்தைப் பிரித்தேன்.