ரெண்டுதான்கா, கம்மிதான்

அக்காவின் செல்போனுக்கு வந்த அந்த ரிப்போர்ட்டில் எனக்குப் புரிந்தவை இரண்டு எண்கள் மட்டும். ஒரு மரபணுவுக்கு எதிரே பூஜ்யம், கிட்டத்தட்ட அதே பெயருள்ள இன்னொன்றுக்கு எதிரே இரண்டு. திருப்புலிவனத்து வீட்டு வாசலில், நான்கு மாதக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, "இன்னாடா போட்டுகீது?" என்றாள். குடும்பத்தில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. பழுதான உருப்படிகளை எண்ணி எழுதுவதுதான் என் பிழைப்பு. எண் குறைந்தால் மேனேஜர் சிரிப்பார். சுகரானாலும் பிரஷரானாலும் ஏறினால்தானே ஆபத்து? அந்தத் தெம்பில் யோசிக்காமல் சொன்னேன்: "ரெண்டுதான்கா. கம்மிதான். ஆஸ்பத்திரில பாத்தமே மானாம்பதி பையன், அவனுக்கு நாலுன்னு அவங்கப்பா சொன்னாருல்ல? அவனே செவுத்தப் புட்ச்சிக்கினு நடக்கறான். நம்ம பாப்பா ஓடும் பாரு."

அக்கா குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். கழுத்து நிற்காததால் பின்னந்தலையில் கை வைத்துத்தான் தூக்க வேண்டும். கைகால் அசையாத அந்தக் குழந்தைக்குக் கண்கள் மட்டும் அத்தனை துறுதுறுப்பு.

அடுத்த வாரம் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், ரிப்போர்ட்டின் அடியில் இருந்த எண்ணுக்கு யாரிடமும் சொல்லாமல் பேசினேன். என்ன பயிற்சி கொடுத்தால் பாப்பா சீக்கிரம் உட்காருவாள் என்று கேட்கத்தான். மரபணு ஆலோசகர் என்று ஓர் அம்மா பொறுமையாகச் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் பிழைத்திருக்க ஒரு புரதம் வேண்டும். அதைச் செய்யும் முக்கிய மரபணு பாப்பாவுக்கு இல்லை. அம்மாவிடமிருந்தும் வரவில்லை, அப்பாவிடமிருந்தும் வரவில்லை. அக்காவின் கணவரான மாமா எங்களுக்கு அத்தை மகன்தானா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இன்னொரு மரபணு துணைக்கு நிற்பது, அதே புரதத்தைக் கொஞ்சமாகச் செய்வது. அதன் நகல்கள் கூடக் கூட, பெரும்பாலும் நோய் லேசாகும். நான்கு இருந்தால் பலர் நடப்பார்கள். "ரெண்டுன்னா பெரும்பாலும் உட்கார மாட்டாங்க தம்பி. மூச்சுக்கே கஷ்டப்படுவாங்க. எல்லாருக்கும் இப்படித்தான்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது." மருந்து உண்டாம். எங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. நடவுக்கு நாலு ஆள் வேண்டிய கழனிக்கு ரெண்டே ஆள் வந்ததைப் பார்த்து, ஆள் கம்மி என்று சந்தோஷப்பட்ட முட்டாள் நான்.

அன்று மாலையே சொல்லிவிடுவதென்று போனேன். அக்கா பாப்பாவின் காலுக்கு எண்ணெய் தடவியபடி, "அடுத்த தைக்கு நடக்கும்ல?" என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினேன். மறுமாதம் அவளும் மாமாவும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். "நீ சொன்னதேதான்டா. பயப்பட ஒண்ணும் இல்லன்னாரு." டாக்டர் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். எட்டாவதோடு நின்றவள்தானே என்ற நினைப்பு எனக்கு.

பாப்பாவுக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. எங்களில் அதுதான் காது குத்தும் மாதம். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். கம்மல் நான்தான் எடுக்க வேண்டும். எடுத்தும் வைத்திருந்தேன். அக்கா பிடிகொடுக்கவில்லை. "தானா உக்காரட்டும்டா. அப்பறம் உன் மடியில வெச்சிக் குத்தலாம்." உட்காரவே மாட்டாள், இப்போதே குத்திவிடலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எட்டாம் மாதம் சளி பிடித்தது. மூன்றே நாள். மூளிக் காதோடு கொண்டுபோய்ப் புதைத்தோம். என் பேச்சை நம்பித்தானே காத்திருந்தாள் என்ற எண்ணம் பல வருடம் என்னை அரித்தது. மாமா லாரியோடு போய்விடுவார். அக்கா அந்த வீட்டில் தனியாகத்தான் இருப்பாள். அவளைத் தனியாகப் பார்க்கப் பயந்தே நான் ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

போன தையில் என் மகளுக்குக் காது குத்தினோம். என் மச்சான் மடியில் உட்கார்ந்து, ஊசி பட்டதும் மண்டபமே அதிர அழுதாள். அக்கா சிரித்தாள். "இன்னா சத்தம் பாரேன்! நல்லா அழுவட்டும்." அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கைகழுவும் இடத்துக்கு அழைத்துப் போய், "அன்னிக்கி ரிப்போர்ட்ட நான் தப்பாப் படிச்சிட்டன்கா. என்னாலதான் காதுகூட குத்தாம பூட்ச்சி" என்றேன்.

"தெரியும்டா. டாக்டரு அன்னிக்கே எல்லாம் சொல்ட்டாரு."

"அப்பறம் ஏன்கா குத்தல?"

"குத்துனா அழுவும்ல? அழுவறதுக்கு மூச்சி வோணும். அதுங்கிட்ட ஏது?"

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வூட்ல ஒருத்தனாவது நம்பிக்கினு இருக்கட்டும்னு வுட்டுட்டேன். உன் மூஞ்சப் பாத்துக்கினுதான் அந்த மூணு மாசத்த ஓட்னேன்."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அக்கா முன்னால் போனாள். அந்த மூன்று மாதமும் நானும் நம்பவில்லை என்பதை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை.