வெண்கலக் கால் போட்ட ஒற்றன்

விபத்துக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் ஓர் ஒற்றனாக இருந்தேன். கோட்டை மதில் ஏறுவேன். கூரை விட்டுக் கூரை தாவுவேன். காவலர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த தெருவில் நிற்பேன். இதெல்லாம் நடந்தது மலேசியாவில், குளுவாங் ஊரில், என் நண்பன் அத்தா என்று கூப்பிடும் அவன் அப்பா நடத்திய சாப்பாட்டுக் கடையின் மாடியில். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மடக்கு மேசையைப் போட்டு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்துவிடுவோம்.

விளையாட்டு சுலபமானது. நண்பன் கதை சொல்வான். மற்ற இருவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, என்ன செய்கிறோம், என்ன பேசுகிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். நான் ஒற்றன். மூன்றாவது ஆள் பிற்பாடு எனக்கு நிச்சயமான பெண். அவள் வைத்தியச்சி. ஊர் ஊராகப் போய் மந்திரத்தால் காயம் ஆற்றுகிறவள். அந்த மாடியில்தான் அவளை முதலில் சந்தித்தேன். நண்பனுடைய கல்லூரித் தோழியாக வந்தாள். ஒரு வருடம் என் ஒற்றனின் வெட்டுக்காயங்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியம் பார்த்தாள். பிறகு நாங்களே வீட்டில் சொல்லி, பெரியவர்கள் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

எனக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. வார நாட்களில் ஜோகூர் பாருவில் வாடகை அறையில் இருந்துகொண்டு, விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டுவேன். ஒரு மழை நாளில், குடிநுழைவுச் சாவடிக்குப் போகும் சாலையில் ஒரு லாரி என் பக்கமாக ஒதுங்கியது. விழுந்தது நினைவிருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் மழைத்தண்ணீர் இறங்கியது நினைவிருக்கிறது. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சிம்பாங் ரெங்கத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். சில மாதங்களில் செயற்கைக் காலும் வந்தது. மிச்சக் கால் உட்காரும் இடம் ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். அதற்குக் கீழே ஓர் உலோகக் குழாய், அதன் நுனியில் ரப்பர் பாதம். இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். தோல் உரிந்து எரிந்தது. அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டேன். அம்மா அதன் மேல் ஒரு சாரோங்கை மடித்துப் போட்டு மூடினார்.

நான் மாடி ஏற முடியாது என்பதால் விளையாட்டை என் வீட்டுக்குக் கொண்டு வந்தான் நண்பன். கடையிலிருந்து பிரியாணியும் பகடைப் பையும் வந்தன. கூடவே அவளும் வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் நண்பன் மெதுவாக ஆரம்பித்தான்.

"உன் ஆளு கோட்டை வாசல்ல நிக்கிறான். நாம விட்ட எடத்துலயே இருக்கான். அவனுக்கு ஒண்ணும் ஆகலடா. அவன் ஓடலாம்."

"அவனுக்கும் எடுத்துடு," என்றேன்.

"என்னது?"

"கால. எடது கால். எடுத்துடு."

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. நண்பன் அவளைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் பார்வையை விலக்கவில்லை.

"சரி லா," என்றான். பாலம் இடிந்து ஒற்றனின் காலில் பாறை விழுந்ததாகச் சொன்னான். சீக்கிரமாகச் சொல்லி முடித்தான். அன்றைக்குப் பகடை உருட்டவில்லை.

அடுத்த வாரமே ஒற்றனுக்கு ஒரு வெண்கலக் கால் கிடைத்தது. மலைக்குள் வாழும் குள்ளக் கொல்லர்கள் செய்தது. உள்ளே சுருள்வில், குதிகாலில் ஒளித்து வைத்த கத்தி. நினைத்தவுடன் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நண்பன் தாராளமாகக் கொடுத்தான். அந்தக் காலால் கதவுகளை உதைத்துத் திறந்தேன். அகழியைத் தாண்டினேன். சில வாரங்கள் நன்றாகத்தான் போயிற்று. மூவரும் சிரித்தோம். அலமாரிக்குப் பின்னால் சாரோங்கின் கீழே என்னுடையது அப்படியே இருந்தது.

ஒரு மத்தியானம் கதையில் விடியற்காலை. எங்கள் கூடாரத்துக்குள் எதிரிகள் நுழைகிறார்கள். "என்ன செய்யிற?" என்றான் நண்பன்.

"கால் மாட்டணும்."

"அது மாயக் கால்டா. நெனச்சா ஒட்டிக்கும்."

"ஒட்டாது. மொதல்ல மிச்சக் கால்ல காலுறைய சுருக்கம் இல்லாம இழுத்து விடணும். சுருக்கம் இருந்தா சாயங்காலம் புண்ணாயிடும். அப்புறம் கிண்ணத்துல எறக்கணும். காலையில மிச்சக் கால் வீங்கியிருக்கும், சட்டுனு எறங்காது. அதுக்கு நேரம் ஆவும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டே நாள் போட்ட காலைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருந்தேன். நண்பன் மறுக்கவில்லை. "சரி, நீ மாட்டிக்கிட்டிரு. வைத்தியச்சி தனியா சண்ட போடணும்," என்றான். அவள் போட்டாள். பகடை அவள் பக்கம் விழுந்தது.

அன்றிலிருந்து ஒற்றனுக்கு எல்லாம் உண்மையாக வலித்தது. படி இறங்கும்போது பயந்தான். மழையில் வழுக்கினான். இல்லாத கட்டைவிரல் அரித்தது, சொறிய இடமில்லை என்று சொன்னான். இதில் ஒன்றைக்கூட நான் அம்மாவிடமோ டாக்டரிடமோ சொன்னதில்லை. அவன் வாய் வழியாக வந்தபோது கூச்சம் இல்லை. அவனுக்கு என்ன தோன்றும் என்று சரியாகச் சொல்வதற்காகவே என் காலையும் வெளியே எடுத்து மாட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் நிற்பது, வாசல் வரைக்கும் போவது, பிறகு பக்கத்துத் தெரு வரைக்கும்.

காற்றாட வேண்டும் என்று நான் காலைக் கழற்றும்போதெல்லாம் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். நான் மாட்டி முடித்த பிறகு தேநீர்க் கோப்பைகளோடு திரும்பி வருவாள். அதை நான் கவனித்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. கதையில் நாங்கள் பாலைவனத்தில் நாள் முழுக்க நடந்து வந்திருக்கிறோம். ஒற்றனின் மிச்சக் காலில் புண் சீழ் வைத்துவிட்டதாக நண்பன் சொன்னான். அவன் மனதில் வேறெதுவும் இல்லை. அவனை எனக்குத் தெரியும். கதை அங்கே வந்து நின்றது, அவ்வளவுதான்.

அவள் பகடையை எடுத்தாள். "மந்திரம் சொல்றேன்."

"கட்டப் பிரிச்சுப் பாக்காம மந்திரம் பலிக்காதே," என்றான் நண்பன். அது நாங்கள் முதலிலிருந்தே வைத்திருந்த விதி. என் வெட்டுக்காயங்களையெல்லாம் அவள் அப்படித்தான் ஆற்றியிருந்தாள்.

"சரி, பிரிக்கிறேன்."

"என்ன தெரியிது?"

பகடை அவள் கைக்குள்ளேயே இருந்தது. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நண்பன் காத்திருந்தான். அப்போதுதான் அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும், சடாரென்று, "இல்ல, பரவால்ல, விடு, நானே சொல்..." என்று ஆரம்பித்தான்.

"எனக்குத் தெரியாது," என்றாள் அவள். "நான் பாத்ததே இல்ல."

அடுப்படியில் அம்மா குழாயை மூடினார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

நான் ஒற்றனின் குரலில், "வைத்தியரே, பயப்பட வேண்டாம்," என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்.

அவள் அழுதாள். நண்பன் பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டான். அவளைத் தன் காரிலேயே குளுவாங்கில் கொண்டுபோய் விட்டான்.

அந்த வாரமே, வேலை நாளில், மத்தியானம் அவள் தனியாக வந்தாள். பஸ் எடுத்து, கொளுத்தும் வெயிலில் நடந்து வந்திருந்தாள். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"காட்டு," என்றாள்.

"இப்ப எதுக்கு?"

"காட்டுடா."

கழற்றினேன். காலுறையையும் உருவினேன். அவ்வளவு பேர் ஆஸ்பத்திரியில் பார்த்த கால்தான். அவள் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. தையல் ஓடிய இடம், சிவந்த விளிம்பு, நுனியில் கூம்பிப் போயிருந்த சதை, எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தொட்டாள். அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள். எடுத்த கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

"பாத்துட்டா சரியாயிடும்னு நெனச்சேன்," என்றாள். "ரொம்ப நாளா எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன். பாக்காததாலதான் பயம், பாத்துட்டா போயிடும்னு. போவலடா. என்னால முடியல. உன்கிட்ட பொய் சொல்ல முடியல."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. களைப்பாக இருந்தது, படுத்துவிட வேண்டும் போல இருந்தது. "சரி," என்று மட்டும் சொன்னேன். அம்மா கொண்டு வந்து வைத்த சர்பத்தை முழுவதும் குடித்துவிட்டுத்தான் அவள் போனாள்.

தட்டும் மோதிரமும் திரும்பி வந்தன. சொந்தக்காரர்கள் அவளை என்னென்னவோ சொன்னார்கள். அம்மா ஒருநாள் ஓர் அத்தையிடம் போனில் கத்தினார். "அந்தப் புள்ள வந்து பாத்துட்டுத்தான் போச்சு. ஒங்கள்ல யாரு வந்து பாத்தீங்க?" அதற்குப் பிறகு எங்கள் காதுபட யாரும் பேசவில்லை.

நண்பன் வெகு நாள் தன்னையே திட்டிக்கொண்டான். "நான் அந்தக் கேள்விய கேட்டிருக்கக்கூடாதுடா."

"நீ கதைக்காகத்தானே கேட்ட."

இருவருமாக விளையாட்டைத் தொடர்ந்து பார்த்தோம். வைத்தியச்சி கப்பல் ஏறி வேறு நாட்டுக்குப் போனதாக அவன் சொன்னான். ஒற்றன் தனியாக ஊர் ஊராகப் போனான். காயம் பட்டால் தானே கட்டுப் போட்டுக்கொண்டான். இரண்டு பேருக்குக் கதை நகரவில்லை. அவனுடைய அத்தாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், கடைப் பொறுப்பு முழுக்க அவன் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. எனக்கு ஒரு கிடங்கு அலுவலகத்தில் கணினி வேலை கிடைத்தது. காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவேன். வலிக்கும். பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு முன்பு என் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எல்லோரும் துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்குக்குப் போனோம். பட்டுப்புடவைக் கடையில் கூட்டம். அம்மாவும் தங்கையும் உள்ளே இருந்தார்கள். நான் வாசலோரம் நின்றுகொண்டிருந்தேன். என் பழைய வைத்தியச்சி கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். தடுமாறாமல் இரண்டடி எடுத்து வைத்து வழி விட்டேன்.

"நல்லா நடக்கிறீங்க," என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் என்னை நீங்க என்று கூப்பிட்டதே இல்லை.

"ஆமாங்க," என்றேன். "கொழந்தைக்கு வெயில் படுது, பாருங்க."

அவள் முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். எதிர்ப்பக்கம் காரில் அவள் கணவர் ஹாரன் அடித்தார். சாலையைக் கடந்து போனாள். தங்கை வந்து, எந்த நிறம் எடுக்கலாம் என்று கேட்டாள். உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.