சாமியம்மாள் எழுந்து நின்றாள்

காசநோய் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் சாமியம்மாளால் எழுந்து நிற்க முடியவில்லை. நெய்வேலிச் சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாட்களில் கான்ட்ராக்டில் மண் சுமந்தவள் அவள். இப்போது ஒரு செம்பைத் தூக்கினாலே கை நடுங்கியது. தொடையில் சதையே இல்லை.

அவள் புருஷன் பாவாடைக்குச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. ஷிப்டு முடித்து குவார்ட்டர்சுக்கு வந்து சோறு பொங்குவான், அவளைத் தூக்கிக் குளிப்பாட்டுவான், ஊட்டிவிடுவான். ஒன்றரை வருடமாக இதே பாடு. அலுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஊட்டும்போதே கண் சொக்கிவிடும்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த ஆஸ்பத்திரி நர்ஸ் கனகம் அவள் காலை அமுக்கிப் பார்த்தாள்.

"நோயில சதை பாதி கரைஞ்சுது. படுத்தே கிடந்ததுல மீதியும் கரைஞ்சிடுச்சு. இதுக்கு ஊசி கிடையாதும்மா. முட்டை, பருப்பு, மல்லாட்டைக் கடலை நல்லா சாப்பிடு. முக்காலியில உட்கார்ந்து எழுந்திரு. முடியலன்னாலும் விடாதே."

மறுநாள் பாவாடை வேலைக்குப் போனதும் சாமியம்மாள் முயன்றாள். பாதி எழுந்தவள் முழங்கால் மடங்கித் தரையில் விழுந்தாள். அவன் வரும்வரை அங்கேயே கிடந்தாள். வந்தவன் அவளை வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு, முக்காலியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான்.

"நான் இருக்கறப்ப உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? எலும்பு கிலும்பு முறிஞ்சா யாரு பாக்கறது?"

"நீ தூக்கிக்கினே இருந்தா நான் இப்படியேதான்யா கிடப்பேன். போய் எடுத்துக்கினு வா."

"எனக்கு முடியலடி" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். இத்தனை நாளில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றுதான். கொஞ்ச நேரம் கழித்து அவனே போய் முக்காலியைக் கொண்டுவந்தான்.

அதன் பிறகு அவன் எதிரே நிற்பான், தொடமாட்டான். அவள் சுவரைப் பிடித்து எழுவாள், மூச்சு வாங்கும், உட்காருவாள். அவித்த முட்டையைக் கண்டாலே குமட்டும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். சில நாள் அதுவும் முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். அவனும் வற்புறுத்தமாட்டான்.

மழைக்காலம் கழிந்து முந்திரி பூத்த சமயத்தில் அவள் நின்றபடி உலை வைத்தாள். பழைய உடம்பு திரும்பவில்லை. குடத்தில் பாதி தண்ணீர்தான் தூக்க முடிந்தது. மண்வேலையைப் பற்றிய பேச்சே எழவில்லை.

ஒருநாள் காலை ஷிப்டு முடிந்து பாவாடை வந்தபோது கதவு பூட்டியிருந்தது. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டில் கேட்டான். கடைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். வாசற்படியில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

அவள் மெதுவாக வந்து சேர்ந்தாள். கால் கடுத்தது. அவனை எழுப்ப மனம் வராமல், பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.