ஆயுத பூஜைக்குக் குளிப்பாட்டின கார்

எங்க கல்யாணம் திருத்தணி மலைமேல நடந்துச்சு. எங்கப்பா, நைனான்னுதான் கூப்பிடுவோம், அவரு வரலை. நாங்க பள்ளிப்பட்டுல தறி போடுற குடும்பம். நான் கட்டிக்கினது திருத்தணியில டாக்சி ஓட்டுறவரை. "ஸ்டியரிங்கை நம்பி எவனாவது பொண்ணு குடுப்பானா?"ன்னு கேட்டவரு, அதோட பேச்சையே நிறுத்திட்டாரு. எழுபதுகள் கடைசியில ஒருநாள் தம்பி வந்து, "விஜயதசமிக்கு உங்க ரெண்டு பேரையும் சாப்பிட வரச் சொன்னாரு நைனா"ன்னான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

அதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு சொந்தமா ஒரு பழைய கார் வாங்கியிருந்தாரு. "கார்ல வர்றோம்னு சொல்லி அனுப்பாதே. மாமனார் வாசல்ல போய் ஹாரன் அடிக்கணும்"னாரு. நானும் பல்லை இளிச்சுக்கினு தலையாட்டினேன்.

ஆயுத பூஜையன்னிக்கு அந்தக் காருக்கு நடந்த உபசாரம் இருக்கே, அடேயப்பா! பானெட்டைத் தூக்கி எஞ்சின் மேல குடம் குடமா தண்ணி. அப்புறம் கண்ட இடத்துலெல்லாம் சந்தனம், குங்குமம். பூஜையில வெச்சதை அன்னிக்கு எடுக்கக் கூடாதுன்னு ஸ்டார்ட்டே பண்ணாம வுட்டுட்டாரு.

மறுநாள் காலையில பட்டுப்புடவை கட்டிக்கினு ஏறி உக்காந்தா, செல்ப் சுத்துது, எஞ்சின் பிடிக்கலை.

"பேட்டரி போயிடுச்சா?"ன்னேன்.

"பேட்டரி போனா சுத்தவே சுத்தாதுடி. பெட்ரோல்லதான் கோளாறு."

குழாயைக் கழட்டி, பம்பைக் கையால அடிச்சாரு. பெட்ரோல் நல்லாவே வந்துச்சு. அதை நம்பாம, கார்புரேட்டரைப் பிரிச்சு வெச்சு வாயால ஊதிக்கினு இருந்தாரு. பள்ளிப்பட்டு பஸ் ஒண்ணு போயிடுச்சு. "பஸ்லயே போயிடலாங்க"ன்னேன். "உங்க நைனா எதிர்ல பஸ்லேர்ந்து எறங்கச் சொல்றியா?"ன்னு மூஞ்சைத் திருப்பிக்கினாரு. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. இலையைப் போட்டுட்டு நைனா காத்திருப்பாரு. வரலைன்னா இனிமே ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டாரு. இவருக்கு கௌரவம் ஒரு கேடு!

"பெட்ரோல் வருதுன்னா கரண்டைப் பாருங்களேன்!"னு கத்தினேன். பிளக்கைக் கழட்டி, ஒயரோட எஞ்சின் மேல சாய்ச்சு வெச்சு, என்னை செல்ப் போடச் சொன்னாரு. பொறியே வரலை. பிளக்குக்கெல்லாம் கரண்டைப் பிரிச்சு வுடுற டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் தொறந்தா, உள்ள இட்லிப்பானை மூடி மாதிரி வேர்த்துக்கினு இருந்துச்சு. குளிப்பாட்டின அன்னிக்கே ஓட்டியிருந்தா சூட்டுல காஞ்சிருக்கும்.

"குளிப்பாட்டினீங்களே, தலையைத் துவட்டினீங்களா?"ன்னேன். மனுஷன் சிரிக்கலை. புது வேட்டி நுனியால துடைச்சு, வெயில்ல காய வெச்சு மாட்டினாரு. ஒரே அடியில பிடிச்சுக்கிச்சு.

போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டிடுச்சு. வாசல்ல நீளமா ஹாரன் அடிச்சாரு. அம்மா மட்டும் ஓடி வந்தாங்க.

"நைனா கோவமா இருக்காரா?"

"கோவமா? காலையிலேர்ந்து பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாருடி. ஒவ்வொரு திருத்தணி பஸ்ஸா பார்த்துக்கினு இருக்காரு. ஒரு வாய் இன்னும் சாப்பிடலை."

நாங்க குறுக்குத் தெருவுல வந்ததுல அவரைப் பார்க்கலை. காரைத் திருப்பிக்கினு போனோம். அப்பதான் ஒரு பஸ் வந்து நின்னு, எல்லாரும் எறங்கிட்டாங்க. நைனா அதைச் சுத்தி, ஜன்னல் ஜன்னலா எட்டிப் பார்த்துக்கினு இருந்தாரு. இளைச்சுப் போயிருந்தாரு. காரை ஓரமா நிறுத்திட்டுக் கிட்ட போனோம்.

எங்களைப் பார்த்ததும் துண்டால மூஞ்சைத் துடைச்சுக்கினாரு. என்னைப் பார்க்காம எங்க வூட்டுக்காரரைப் பார்த்து, "பஸ்ல கூட்டமா மாப்பிள்ளை? உக்கார எடம் கெடைச்சுதா?"ன்னு கேட்டாரு.

"ஆங், கெடைச்சுது மாமா"ன்னாரு எங்க வூட்டுக்காரரு.

காரை அங்கேயே வுட்டுட்டு, மூணு பேரும் வூட்டுக்கு நடந்தோம்.