ஆற்றுவாயில் நின்ற ஈயம்

டயர் கடையில் வேலை பார்த்த சாலமோன் ஒரு சாயங்காலம் பை நிறைய ஈயத் துண்டுகளோடு வீட்டுக்கு வந்தான். சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக ரிம்மில் மாட்டுகிற ஈயம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமான பிறகு கார்கள் பெருகிவிட்டன; கழற்றிப் போட்ட பழைய ஈயம் கடை மூலையில் குவிந்து கிடந்தது. வேண்டுமானால் அள்ளிக்கொண்டு போ என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"இத்த வச்சிகினு இன்னா பண்றது?" என்றாள் அவன் மனைவி செங்கம்மாள்.

"தூண்டில் தண்ணில முழுகக் கட்டற ஈயம் வாங்க தூண்டில்காரனுங்க மெட்ராசுக்குப் போறானுங்க. நீ உருக்கி ஊத்து, நாம இங்கியே விப்போம்."

செங்கம்மாள் செய்யூர்ப் பக்கம் நாற்று நட்டும் வேர்க்கடலை பிடுங்கியும் வளர்ந்தவள். அவளைப் பெற்றவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. கல்யாணமாகிப் புதுப்பட்டினத்துக்கு வந்த பிறகும் அறுப்புக்கும் களையெடுப்புக்கும் செய்யூருக்கே பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனாலும் புருஷன் சொன்னது அவளுக்குள் ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் வயலில் குனிந்தது போதும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். நிமிர்ந்து எங்கே போவது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை பிடித்தார்கள். தூண்டில் முள், தங்கூசி என்கிற நைலான் நரம்பு, அவள் வார்க்கிற ஈயம். மழைக்காலத்துக்குள் கடை காலூன்ற வேண்டும், இல்லாவிட்டால் தை அறுப்புக்கு அவள் பழையபடி பஸ் ஏற வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

கொல்லையில் புகை விலகிப் போகிற பக்கம் பார்த்து அடுப்பு மூட்டினாள். ஈயம் உருகியதும் அதில் ஒட்டியிருந்த இரும்புக் கொக்கிகள் தாமாக மேலே மிதந்தன. கரண்டியால் வழித்துப் போட்டாள். குப்பத்துத் தூண்டில்காரர் சதாசிவம் கொடுத்த மாதிரியைப் பார்த்து, நடுவில் துளை வைத்த உருண்டைகளாக வார்த்தாள். ஒவ்வொன்றையும் மாதிரியைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வார்த்தாள். அவள் ஊரில் படியைத் தலை தட்டி அளப்பவன் கஞ்சன், குவித்து அளப்பவன்தான் யோக்கியன். வாங்குகிறவர்கள் மனம் குளிரட்டும் என்று நினைத்தாள்.

நான்காம் நாளே சதாசிவம் வாங்கிப் போன மொத்தத்தையும் கொண்டுவந்து பலகைமேல் கொட்டினார்.

"இன்னாம்மா இது, அம்மிக்கல்லக் கட்டி உட்ட மாதிரி கீது? மீன் கடிச்சா என் கைக்குத் தெரியல. ஈயம் கீறது மட்டும் மீனுக்குத் தெரிஞ்சிடுது. துப்பிட்டுப் போய்கினே கீது."

"கொஞ்சம் கூட இருக்கட்டுமேன்னு போட்டேண்ணா."

"கூடப் போட இது இன்னா நெல்லா? நாத்து நடற கைக்கு இந்த பேஜாரெல்லாம் எதுக்கு?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். செங்கம்மாளுக்குக் காது சுட்டது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அதிகமாகச் சுட்டது. எதற்கு என்றே தெரியாத ஒரு பொருளை எந்தத் தைரியத்தில் விற்க உட்கார்ந்தோம்?

மறுநாள் விடிந்ததும் ஒரு சுருள் தங்கூசியோடு வாயலூருக்குப் போனாள். பாலாறு கடலில் சேருகிற இடம். யாரும் இல்லாத பக்கமாக நின்று எறிந்தாள், இழுத்தாள், மறுபடி எறிந்தாள். உள்ளங்கையில் நரம்பு கீறியது. பிறகு தினமும் போனாள். உருண்டை ஈயத்தின் துளைக்குள் நரம்பு தாராளமாக ஓடுகிறது, அளவு சரியாக இருந்தால் மீனுக்குப் பாரமே தெரியாது, ஆனால் தண்ணீர் ஓடுகிற இடத்தில் அது கோலிக்குண்டு மாதிரி உருண்டுவிடுகிறது என்று அவள் கைக்குப் புரிந்தது. சதுரங்கப்பட்டினத்துப் பாறைப் பக்கம் தட்டையான ஈயம் இடுக்கில் மாட்டி நரம்பையே அறுத்தது. விரல் மாதிரி நீளமாக வார்த்தது வழுக்கிக்கொண்டு வந்தது. பக்கிங்காம் கால்வாயில் மிளகு அளவுக் குண்டைக் கீறி நரம்பில் கடித்து ஒட்டவைத்தாலே போதும். ஆற்றுவாய் ஓட்டத்துக்கு மட்டும் எதுவும் நிற்கவில்லை.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருந்த ராமானுஜம் சார் ஞாயிறுதோறும் வெளிநாட்டுத் தூண்டில் கழியோடு வருவார், பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார். ஒரு நாள் அவர் கடைக்கு வந்து, "இதுமாதிரி செஞ்சு தருவீங்களாம்மா? பிரமிடுனு சொல்வாங்க. இருந்ததெல்லாம் தொலைச்சிட்டேன், இது ஒண்ணுதான் மிச்சம்" என்று ஒரு ஈயத்தை நீட்டினார். நான்கு பட்டை, தலைகீழாகப் பிடித்த கோபுரம் போன்ற கூம்பு. தட்டையான பக்கத்தில் கம்பி வளையம். செங்கம்மாள் அதன் கூர்முனையை விரலால் தடவிப் பார்த்தாள். மணலில் இது குத்திக்கொள்ளும் என்று உடனே தோன்றியது.

"ஒரு வாரம் இது எங்கிட்ட இருக்கட்டும் சார்."

அதற்கு அச்சு வேண்டுமே. எந்தக் களிமண் வெடிக்கும், எது வெடிக்காது என்று கற்றுக்கொள்ள அவள் எங்கும் போக வேண்டியதில்லை. செய்யூர் வரப்பிலிருந்து ஒரு கூடை மண் எடுத்து வந்து பிசைந்து, சவுக்குக் கட்டையைக் கூராகச் செதுக்கி அதில் அழுத்தினாள். ஈரம் துளி இருந்தாலும் ஈயம் முகத்தில் தெறிக்கும் என்று பல நாள் வெயிலில் போட்டுக் காயவைத்தாள். வார்த்ததைத் தராசில் வைத்துப் பார்த்து, கூடுதலாக இருந்ததை அரத்தால் ராவினாள்.

ஐப்பசியில் பாலாற்றில் தண்ணீர் வந்தது. கூடவே கொடுவா மீன் ஏறும் என்று குப்பமே ஆற்றுவாயில் நின்றது. செங்கம்மாள் ஒரு பை ஈயத்தோடு போனபோது எல்லாருடைய நரம்பும் ஒரே பக்கமாக இழுபட்டு, ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தது. ஆளுக்கு ஆள் ஏசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, இத்தக் கட்டி ஒருவாட்டி போட்டுப் பாரு."

சதாசிவம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடைக்குப் போம்மா. இங்க எதுனா வழுக்கிகினு உழுந்து வைக்காத."

அவள் போகவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். முள்ளில் உயிர் இறாலைக் குத்தி, தலைக்கு மேல் சுழற்றி வீசினாள். யாரோ விசிலடித்தார்கள். நரம்பு ஒரு முறை தளர்ந்தது, பிறகு விறைத்தது. ஆறு அதைத் தள்ளிப் பார்த்தது. ஈயம் நகரவில்லை.

விசில் நின்றுபோனது. சதாசிவம் தன் நரம்பை விட்டுவிட்டு அவளுடையதைப் பார்த்தார்.

"யோவ், குந்திகினு கீதுய்யா!"

அவர் சொல்லி வாயை மூடவில்லை, நரம்பு அவள் கையை வெட்டிக்கொண்டு ஓடியது. செங்கம்மாள் குதிகாலை மணலில் புதைத்தாள். காய்ந்த நிலத்தில் கடலைச் செடியைப் பிடுங்குவது போல, இடுப்பிலிருந்து, வெடுக்கென்று இல்லாமல் இழுத்தாள். "உடு, உடு, இப்ப இழு!" என்று சதாசிவமே பக்கத்தில் நின்று கத்தினார். கரைக்கு வந்த கொடுவா அவள் முழங்கால் உயரம் துள்ளியது. பளபளவென்று வெள்ளி.

"அடேங்கப்பா, என்ன சைசு!" என்றார் ஓடிவந்த ராமானுஜம் சார். தானே பிடித்தது போல அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சதாசிவம் மீனைப் பார்க்கவில்லை. பைக்குள் கையைவிட்டு ஒரு கூம்பை எடுத்து உருட்டிப் பார்த்தார். "எனக்கு ஒரு அஞ்சு குடு. இல்ல, பத்தாக் குடு." அதற்குள் பத்துக் கைகள் பைக்குள் நுழைந்துவிட்டன.

தை பிறந்தபோது செங்கம்மாள் பெட்டிக்கடையில்தான் இருந்தாள். குப்பத்திலிருந்து வந்த ஒருவன் கூம்பு ஈயம் நாலு கேட்டான்.

"எங்க போடப் போற?"

"பாறைக்கு."

"அப்ப தர மாட்டேன். மாட்டிகினு அறுத்துகினு வந்து என்னயத் திட்டுவ. நீளத்த எடுத்துகினு போ."

"அக்கா, டப்பு குடுக்கறவன் நான்."

"ஈயம் குடுக்கறவ நானு."

அவன் நீளத்தை எடுத்துக்கொண்டு போனான்.